மூன்றடி தள்ளி வைத்த கேமரா

போன மாதம் நம் புகைப்படக் குழுவின் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். நான்கு பருவம் இல்லாத ஊரில் பருவங்களை எப்படிப் படம் பிடிப்பது என்று கேட்டீர்கள். வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். பிப்ரவரி வெயிலில் புல் வெளுத்துப் போவது, முதல் மழைக்குப் பிறகு அங்சானா மரங்கள் சாலையெல்லாம் மஞ்சள் பூ உதிர்ப்பது, டுரியான் மரங்களுக்கு அடியில் விழும் பழத்தைப் பிடிக்க வலை கட்டும் மாதம், கடல் தாண்டி வரும் புகைமூட்டம், அப்புறம் ஆண்டுக் கடைசியின் பெருமழை. கை தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

அன்று நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு நடந்ததில் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். மேடையில் நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜோர்ஜ்டவுனில், டத்தோ கிராமாட்டில் வீடு. முப்பத்தெட்டு ஆண்டுகள் நிலக்காட்சி மட்டுமே எடுத்தவன். ஆரம்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் அடையாளக் கார்டுப் படங்களும் கல்யாணப் படங்களும் எடுத்தேன். எனக்கு அது ஒத்து வரவில்லை. மனிதர்களை இப்படி நில், அப்படிப் பார் என்று சொல்லிக்கொண்டிருப்பது அலுத்தது. மலை அப்படி இல்லை. நாம் காத்திருந்தால் போதும், அதுவே தரும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எடுத்த படத்தில் பிறகு கை வைக்க மாட்டேன் என்பது என் இன்னொரு பெருமை. மின்கம்பியை அழிப்பது, வானத்தை மாற்றி ஒட்டுவது எதுவும் கிடையாது. பத்திரிகைப் பேட்டி ஒன்றில் அதை நான் சொல்ல, அவர்கள் அதையே தலைப்பாகப் போட்டார்கள்.

நாள்காட்டி அச்சிடும் நிறுவனம் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகப் படம் கொடுத்து வந்தேன். ஒரு முறை அங்கே பொறுப்பில் இருந்த சீனப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒரே இடம், ஒரே மலை, பன்னிரண்டு மாதம். பார்க்கிறவர்கள் நம் நாட்டிலும் பருவங்கள் உண்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபரில் முடித்துக் கொடுத்தால் ஆண்டு முடிவதற்குள் அச்சாகிவிடும்.

தீவின் மறுபக்கம் இருக்கும் பாலிக் பூலாவுக்கு வளைந்து வளைந்து போகும் சாலையில் இரண்டு வாரம் அலைந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். முன்னால் படிப்படியாகப் பாத்திகள், நடுவில் ஜாதிக்காய் மரங்கள், அதற்கு மேலே காடு மூடிய மலை. காலை ஏழரைக்கு வெயில் மலையின் தோளைத் தாண்டி இறங்கும்போது ஒவ்வொரு பாத்தியாக விழித்துக்கொள்ளும். அந்தக் காட்சி ஒரே ஒரு முற்றத்திலிருந்துதான் முழுதாகக் கிடைத்தது. மாணிக்கம் அண்ணன் வீட்டு முற்றம்.

மாணிக்கம் அண்ணன் பிறைத் தொழிற்பேட்டையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தைந்துக்கு மேல். அவருடைய அப்பா வாங்கிப்போட்ட நிலம் அது. அவரும் சரசு அக்காவும் அங்கே வாழையும் கறிவேப்பிலையும் கீரையும் போட்டிருந்தார்கள். வாரம் மூன்று நாள் சூலியா தெருச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அவர் பழைய வேனில் வாழையிலையும் கறிவேப்பிலையும் கொண்டு போய்க் கொடுப்பார். மகள் கல்யாணமாகிப் பிறையில் இருந்தாள்.

முதல் நாள் கேட்டில் நின்று அனுமதி கேட்டபோது, என் ட்ரைபாடை வாங்கி அவரே தூக்கிக்கொண்டு வந்தார். எங்கே வைக்கணும் என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு மாதத்தில் நான்கைந்து காலைகள் அங்கே போவேன். அக்கா தேநீர் கொண்டு வந்து வைப்பார். அண்ணன் பாத்தியில் வேலையாக இருப்பார். நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார். ஒதுங்குங்கள் என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு ஃபோட்டோகாரனுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே புரிந்திருந்தது. நல்ல மனிதர் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி நன்றாக வந்தன. பிப்ரவரியில் ஒரு காலை, கேமராவுக்குள் பார்க்கும்போது மலையின் இடது மேல் மூலையில் விரல் நகம் அளவுக்குச் சிவப்பாக ஒன்று தெரிந்தது. கண்ணை எடுத்து நேராகப் பார்த்தேன். காட்டை வெட்டி மண்ணைத் திறந்திருந்தார்கள். மேலே யாரோ பங்களாக்கள் கட்டப்போவதாகவும் அதற்குச் சாலை போடுவதாகவும் அண்ணன் சொன்னார்.

எனக்கு அன்று வந்தது எரிச்சல் மட்டும்தான். மூன்று மாத வேலை வீணாகிவிடுமோ என்ற எரிச்சல். கொஞ்சம் யோசித்துவிட்டு ட்ரைபாடை மூன்றடி வலப்பக்கம் தள்ளி வைத்தேன். ஜாதிக்காய் மரம் ஒன்றின் தலை அந்தச் சிவப்புக்கு முன்னால் வந்து நின்றது. படம் சுத்தமாகிவிட்டது. அந்தப் பெண்மணியிடம் காட்டியபோது முன்பைவிட இது நன்றாக இருக்கிறது என்றார்.

மார்ச்சில் சிவப்பு பெரிதானது. இன்னும் ஓரடி தள்ளி, கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினேன். மே மாதம் அது மரத்தின் இரண்டு பக்கமும் பிதுங்கியது. வாழை இலை ஒன்றை ஓரத்தில் சட்டம்போல வரவிட்டு மறைத்தேன். அந்த மாதப் படத்துக்கு எனக்கு நிறையப் பாராட்டு வந்தது. உங்களில் இரண்டு பேர் அப்போதே குழுவில் இருந்தீர்கள், அந்த இலையைப் பற்றிக் கேட்டீர்கள். சட்டம் வைத்தேன் என்று சொன்னேன். எதற்காக வைத்தேன் என்று சொல்லவில்லை.

ஜூன், ஜூலையில் சரசு அக்கா பேச ஆரம்பித்தார். மழை பெய்தால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் வாய்க்காலில் தண்ணீர் செக்கச்செவேலென்று வருகிறது, மண் அடைத்துக்கொள்கிறது, அண்ணன் இறங்கித் தோண்டிவிட வேண்டியிருக்கிறது என்றார். கவுன்சிலுக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள், யாரும் வரவில்லை. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே மலை மேல் ஏறும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் புகைமூட்டம் வந்தது. மலையின் மேல்பாதி சாம்பல் நிறத்தில் கரைந்து போனது. இந்த மாதம் மறைக்க வேண்டிய வேலை இல்லை என்று நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அக்டோபரில் கடைசிப் படம். இரவு முழுக்க மழை பெய்து விடியும்போது வெறித்திருந்தது. பாத்திகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மாதமும் காத்திருந்தது இந்தக் காலைக்குத்தான் என்று தோன்றியது. வெயில் மலைத்தோளைத் தாண்ட இன்னும் ஐந்து, பத்து நிமிடம் இருக்கும். அப்போது மாணிக்கம் அண்ணன் முழங்கால் வரை சேறோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்குத்தான் கேட்டார்.

"தம்பி, மேல வெட்டுன இடத்த ஒரு படம் எடுத்துக் குடுங்கலா. என் ஹேண்ட்போன்ல எடுத்து கவுன்சிலுக்கு அனுப்பிச்சேன். தெளிவா இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒங்க கேமராவுல எடுத்தா யாரும் ஒன்னும் பேச முடியாது."

நான் வானத்தைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் மேகத்தின் ஓரம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அந்த இடத்துக்கு ஏறிப் போக இருபது நிமிடம் ஆகும். ஏறக்கூட வேண்டாம். நான்கடி இடப்பக்கம் நகர்ந்து ஒரு முறை அழுத்தியிருந்தால் போதும். ஆனால் ட்ரைபாடை அசைத்தால் திரும்ப அதே இடத்தில் வைக்க நேரமாகும், வெளிச்சம் போய்விடும். நாள்காட்டி வந்ததும் கொண்டு வந்து தருவேன் அண்ணே, அன்றைக்கு மேலே ஏறி நிதானமாக எடுத்துவிடலாம் என்று சொன்னேன்.

அவர் முகம் வாடவில்லை. "சரி தம்பி. லைட்டு போயிடும்ல. நீங்க வேலைய பாருங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய்விட்டார்.

அன்று எடுத்ததுதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த படம். நானே சொல்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து, நவம்பர் நடுவில், மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் இலை கொண்டு போக வேண்டிய நாள். லோங்காங் நிரம்பி வீட்டுப் பின்சுவர் வரை சிவப்புத் தண்ணீர் வந்துவிட்டதால் அண்ணன் தோண்டுவதற்கு நின்றுகொண்டார். பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியில் அக்கா இலைக் கட்டுகளோடு ஜோர்ஜ்டவுனுக்குக் கிளம்பினார். அவர் சூலியா தெருவில் இரண்டாவது கடையில் இலைக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மலை இறங்கியது. வீடு, பாத்திகள், ஜாதிக்காய் மரங்கள் எல்லாவற்றையும் சாலை வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தது. நம் கைபேசிக் குழுவில்தான் முதலில் படம் வந்தது. உங்களில் யாரோ, இது உங்க ஸ்பாட்தானே அண்ணே என்று கேட்டிருந்தார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

போனேன். சாலையை அடைத்திருந்தார்கள். அக்கா ஒரு கடையின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். கேமரா காரில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அண்ணனை இரண்டாம் நாள் மதியம் கண்டெடுத்தார்கள்.

டிசம்பரில் நாள்காட்டி வெளியானது. நிறுத்த முடியுமா என்று கேட்டேன். ஏற்கெனவே வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது என்று அந்தப் பெண்மணி வருத்தத்தோடு சொன்னார். அவர்மேல் தவறில்லை. அவருக்கு அந்தச் சிவப்பு இருந்ததே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அக்கா மகளோடு என் வீட்டுக்கு வந்தார். விசாரணைக் குழு ஒன்று அமைத்திருந்தார்கள். அங்கே பங்களா கட்டியவர்களின் தரப்பு ஒன்று சொல்லியிருந்தது. மேலே மண்ணை வெட்டியது கடைசி ஒரு மாதத்துக்குள்தான். அதற்கு முன்பே கீழே மாணிக்கம் என்பவர் பாத்தி போடுவதற்காகப் படிப்படியாக வெட்டி மலையின் அடியைப் பலவீனமாக்கிவிட்டார். சரிவு அங்கேதான் தொடங்கியது என்பது அவர்கள் வாதம். அண்ணன் எடுத்த படங்கள் அவருடைய ஹேண்ட்போனோடு மண்ணுக்குள் போயிருந்தன. கவுன்சிலுக்கு அவர் அனுப்பியது யாரிடமும் இல்லை என்றார்கள். வானிலிருந்து எடுத்த படங்களில் அந்த மாதங்கள் முழுக்க மேகமும் புகையும்.

"அவரே அவரக் கொன்னுக்கிட்டாருன்னு எழுதப் போறாங்க தம்பி" என்றார் அக்கா. "நீங்க மாசா மாசம் வந்தீங்க. ஒங்க கிட்ட இருக்கும்."

இருக்கும் அக்கா, தேடித் தருகிறேன் என்றேன். மூன்று நாள் தேடினேன். ஒவ்வொரு மாதமும் நான் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமே இருந்தன. சரியில்லாதவற்றை மாதக் கடைசியில் அழித்துவிடுவது என் பழக்கம். அந்தப் பிப்ரவரிக் காலையில் சிவப்பு தெரிந்த முதல் படத்தை எடுத்திருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. அதையும் அழித்திருந்தேன். மிச்சமிருந்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி சிவப்பு இல்லை. அவ்வளவு கவனமாக வேலை செய்திருந்தேன்.

இல்லை என்று தொலைபேசியில் சொன்னபோது அக்கா தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் நாள்காட்டியைக் குழுவிடம் ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார் என்றாள். பன்னிரண்டு மாதமும் மேலே பச்சை, கீழே புதிதாக வெட்டிய பாத்திகள். படத்தில் கை வைக்காதவர் என்று பெயரெடுத்தவர் எடுத்தது என்று என் பேட்டியையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சாட்சி சொல்லப் போகிறேன் என்று அந்த நாள்காட்டிப் பெண்மணியிடம் தெரிவித்தேன். இனி உங்கள் படத்தை யார் நம்புவார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். விசாரணை நாளன்று அரசாங்கக் கட்டடத்துக்கு வெளியே காரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று உண்மையிலேயே நினைத்தேன். படம் இல்லாத என் பேச்சு அக்காவுக்கு என்ன உதவி செய்துவிடும், என் பெயர்தான் போகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்போது அக்கா மகளோடு படியேறிப் போவதைப் பார்த்தேன். என் கார் அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு இறங்காமல் இருக்க முடியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். பிப்ரவரியிலேயே சிவப்பு இருந்தது, ட்ரைபாடை மூன்றடி தள்ளினேன், மரத்தால் மறைத்தேன், இலையால் மறைத்தேன் என்று மாதம் மாதமாகச் சொன்னேன். வழக்கறிஞர் குரலை உயர்த்தவேயில்லை. அதைக் காட்டும் படம் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். ஓராண்டு அங்கே போயும் ஒன்றுகூட இல்லையா என்றார். இல்லை. அப்படியானால் படத்தை மாற்ற மாட்டேன் என்று பேட்டியில் சொன்னது பொய்யா என்று கேட்டார்.

படத்தை மாற்றவில்லை, நான் நின்ற இடத்தை மாற்றினேன் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அறிக்கை வந்தது. பெருமை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. மேலேயும் கீழேயும் வெட்டப்பட்டிருந்தது, கனமழை பெய்தது, சரிவு எங்கே தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஒரு புகைப்படக்காரரின் வாக்குமூலம் கிடைத்தது, ஆனால் அதற்குப் பட ஆதாரம் இல்லை என்று ஒரு வரி. அண்ணன்தான் காரணம் என்று எழுதவில்லை. காரணம் இல்லை என்றும் எழுதவில்லை. அந்தப் பழிச்சொல் அப்படியே அவர் பெயர்மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான்கடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அது தொங்காது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் சட்டத்துக்குள் வராமல் நீங்கள் தள்ளுவது என்ன என்று ஒரு நிமிடம் பாருங்கள். அழகுக்காகத் தள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் தள்ளியதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பக்கத்தில் வந்து நின்று ஒன்று கேட்டால், வெளிச்சம் போனால் போகட்டும். மறுநாளும் வெயில் வரும். அந்த மறுநாள் எனக்கு எத்தனையோ கிடைத்தது, அவருக்குத்தான் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் நாள்காட்டிக்குப் படம் எடுக்கவில்லை. மலையோரத்தில் இருப்பவர்கள் யார் கூப்பிட்டாலும் போய் லோங்காங்கையும் மண்ணையும் எடுத்துக் கொடுத்தேன், கண்ணில் புரை விழுந்து நிறுத்தும் வரை.

அக்கா இப்போது பிறையில் மகள் வீட்டில், அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருக்கிறார். அண்ணனின் முதல் திதிக்கு இரண்டு வாரம் முன்பு அங்கே பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்தார். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திதிக்கு வைக்க அண்ணன் படம் வேண்டும் என்றார். வீட்டில் இருந்த ஆல்பமெல்லாம் மண்ணோடு போய்விட்டது. மகளிடம் இருப்பது கல்யாணக் கூட்டத்தில் பாதி மறைந்த முகம். அடையாளக் கார்டு நகலில் தபால்தலை அளவுக்கு ஒன்று இருக்கிறது.

"ஒங்க கிட்ட அவரு படம் ஒன்னாச்சும் இருக்குமா தம்பி? அவர எடுக்கலன்னாலும், ஓரத்துல எங்கேயாச்சும்?"

எனக்குத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு மூலையையும் ஏற்கெனவே பார்த்திருந்தேன். இல்லை அக்கா என்றேன். ஓராண்டு அவர் முற்றத்தில் நின்று, அவர் வீட்டுத் தேநீர் குடித்து, ஒரு முறைகூட அந்த மனிதரை நோக்கி நான் கேமராவைத் திருப்பவில்லை.

அக்கா என் குவளையை எடுத்துக்கொண்டார். "பரவால்ல. நீங்க மலைய எடுக்கத்தானே வந்தீங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருக்கலாம்.

அடையாளக் கார்டு நகலை வாங்கிக்கொண்டு வந்தேன். மங்கலான முகம். ஸ்டூடியோவில் கற்ற பழைய வேலையெல்லாம் திரும்ப எடுத்தேன். படத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொன்னவன் பத்து நாள் இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு புருவம், மூக்கு, காது மடல் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். சட்டம் போட்டுத் திதிக்கு முந்தின நாள் பிறைக்குக் கொண்டு போனேன்.

அக்கா அதை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"காது அவரு காதுதான்" என்றார். "கண்ணு அவரு கண்ணு இல்ல தம்பி."

அப்புறம் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, மகளிடம் கொடுத்து மாட்டச் சொன்னார்.

அவர் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓராண்டு நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். அன்று அக்டோபர்க் காலையில் இரண்டடித் தூரத்தில் பார்த்தேன். அதை அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் எனக்கு வழியில்லை.